ஒரு சதுர மீட்டர் வெயிலுக்கு எத்தனை லிட்டர் நன்னீர்?

மேகமில்லாத கடற்கரையில் ஒரு சதுர மீட்டர் தரையின்மீது ஒரு நாள் முழுக்க விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 20 மெகாஜூல். மின்கட்டணக் கணக்கில் சொன்னால் ஐந்தரை யூனிட். ஒரு லிட்டர் வெந்நீரை ஆவியாக்க 2.35 மெகாஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் எட்டரை லிட்டர் வருகிறது. ஆனால் கடல்நீரை ஊற்றி, கண்ணாடி மூடி, வெயிலில் வைத்த எளிய தொட்டி ஒன்று ஒரு நாளில் தருவது மூன்று லிட்டர்தான். நன்றாகக் கட்டப்பட்டிருந்து, நாளும் நல்ல நாளாக அமைந்தால் நான்கு. மீதி ஐந்து லிட்டருக்கான வெயில் எங்கே போயிற்று என்பது திறன் பற்றிய கேள்வி. கையில் கிடைத்த மூன்று லிட்டர் என்ன விலைக்கு வந்தது என்பது செலவு பற்றிய கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வெயில் இலவசம், ஆகவே நீரும் இலவசம் என்று ஒரு சாராரும், இதெல்லாம் பள்ளிக் கண்காட்சிக்குத்தான் லாயக்கு என்று மறு சாராரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கருவி எளியது. சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்கும் பாத்திரத்துக்கு வாலை என்று பெயர். வாலை வடிநீர் என்ற சொல்லைப் பாடநூலில் பார்த்திருப்போம். அந்த வாலைக்குக் கீழே விறகு எரிப்பதற்குப் பதிலாக மேலிருந்து வெயிலை விட்டால் அது சூரிய வாலை. கறுப்பு பூசிய ஆழமற்ற தொட்டி, அதில் சில சென்டிமீட்டர் கடல்நீர், மேலே சாய்த்து வைத்த கண்ணாடி. வெயில் கண்ணாடியை ஊடுருவித் தொட்டியின் கறுப்புத் தரையைச் சுட வைக்கிறது. நீர் ஆவியாகிறது. வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்திருக்கும் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்து, வழிந்து, கீழ்விளிம்பில் உள்ள சிறு வாய்க்காலில் இறங்குகிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இங்கே நீர் கொதிப்பதே இல்லை. நண்பகலில் 60, 70 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அது நல்ல வாலை.

1872-ஆம் ஆண்டில் சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர், இன்றைய சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் லாஸ் சலினாஸ் என்ற இடத்தில் இதைப் பெரிய அளவில் கட்டினார். மரச்சட்டமும் கண்ணாடியுமாகச் சுமார் 4,700 சதுர மீட்டர். வெடியுப்புச் சுரங்கத்தில் சுமை இழுத்த கோவேறு கழுதைகளுக்கு அங்கிருந்துதான் குடிநீர் போயிற்று. நல்ல நாளில் சுமார் 23,000 லிட்டர், அதாவது சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த நிலையம் பல பத்தாண்டுகள் ஓடியது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நல்ல இடத்தில் நன்றாகக் கட்டும் ஓர் ஒற்றைத் தொட்டி வாலை எட்டும் உயரமும் ஏறக்குறைய அதுதான். பொறியாளர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. கருவியின் இயல்பே அப்படி.

வெயில் எங்கே போகிறது என்று பார்ப்போம். கண்ணாடியைத் தொட்டவுடனே பத்து முதல் பதினைந்து சதவீதம் தெறித்தும் உறிஞ்சப்பட்டும் போய்விடுகிறது. உள்ளே சூடான நீர், தன் வெப்பத்தில் ஒரு பங்கை ஆவியாக அனுப்பாமல் வெறும் வெப்பக் கதிராகவே கண்ணாடிக்கு அனுப்பிவிடுகிறது. 15 முதல் 25 சதவீதம் வரை இதற்கே போகும். கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்புதான் இருப்பவற்றில் பெரியது. தொட்டிக்குள் சுழலும் காற்று இன்னும் ஐந்து முதல் பத்து சதவீதத்தை வெறுமனே சுமந்துபோய்க் கண்ணாடியில் கொட்டுகிறது. அடியில் வெப்பக் காப்பு இல்லாவிட்டால் மண் தன் பங்கைக் கேட்கும். கடைசியில் சில்லறை இழப்புகள்: இடுக்கு வழியே கசியும் ஆவி, கண்ணாடியிலிருந்து மறுபடி தொட்டிக்குள்ளேயே சொட்டிவிடும் துளி, வாய்க்காலில் நின்று மீண்டும் ஆவியாகும் நீர். எல்லாம் போக, விழுந்த வெயிலில் 30 முதல் 45 சதவீதம்தான் நீராகக் கைக்கு வருகிறது.

இந்தப் பங்கீடு நிலையானதன்று. வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது. வாலையைப் பற்றி ஒரே ஓர் இயற்பியல் செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே நான் சொல்வேன். நீர் ஆவியாக எழும் உந்துதலைக் காட்டும் ஆவியழுத்தம் 30 டிகிரியில் 4.2 கிலோபாஸ்கல், 60 டிகிரியில் 20 கிலோபாஸ்கல். வெப்பநிலை இரட்டிக்கும்போது அழுத்தம் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. கதிராகவும் காற்றோட்டமாகவும் போகும் வெப்பமோ இவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. ஆகவே நீர் 40 டிகிரியில் இருக்கும்போது கண்ணாடிக்குப் போகும் வெப்பத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆவியாகப் போகிறது. 70 டிகிரியில் ஐந்தில் நான்கு பங்கு ஆவியாகவே போகிறது. வெதுவெதுப்பான வாலை நாள் முழுக்க உழைத்தும் வீணாகும். சூடான வாலை குறைந்த நேரத்திலேயே வேலையை முடித்துவிடும்.

தொட்டியில் எவ்வளவு ஆழத்துக்கு நீர் விடுவது என்ற சின்ன விஷயம் பெரிய வேறுபாட்டைத் தருவது இதனால்தான். இரண்டு சென்டிமீட்டர் ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு 20 லிட்டர்; அதை 40 டிகிரி உயர்த்த மூன்றரை மெகாஜூல் போதும். பத்து சென்டிமீட்டர் என்றால் 100 லிட்டர். அதே அளவு உயர்த்தப் பதினேழு மெகாஜூல், அதாவது கிட்டத்தட்ட அன்றைய வெயில் முழுவதும். ஆழமான தொட்டி பகலில் மந்தமாக இருக்கும். சேர்த்து வைத்த வெப்பத்தை இரவில் மெல்லத் திருப்பித் தரும். அந்த இரவு நீரால் பகல் இழப்பை முழுதாக ஈடுகட்ட முடியாது. அதற்காக ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே போனால் தொட்டியின் ஒரு மூலை காய்ந்து உப்புப் படலம் பிடிக்கும். வெள்ளை உப்பு படிந்த இடம் வெயிலை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பிவிடும். தரை மட்டம் சரியில்லாத தொட்டி ஒன்று இப்படித்தான் சில வாரங்களில் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது.

இனி, மனத்துக்குப் பிடிக்காத ஒப்பீட்டுக்கு வர வேண்டும்.

உப்பை நீரிலிருந்து பிரிக்க இயற்கை கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் மிகச் சிறியது. கடல்நீரில் பாதியை நன்னீராக எடுப்பதானால் ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட் அளவுதான். கடல்நீரை அழுத்தி மென்சவ்வு வழியே வடிக்கும் இன்றைய பெரிய ஆர்.ஓ. நிலையங்கள் அதே ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவிடுகின்றன. வாலை என்ன செய்கிறது? லிட்டருக்கு 35 கிராம் உப்பை விலக்குவதற்காக, மீதமுள்ள நீர் முழுவதையும் ஆவியாக்குகிறது. அரிசியில் கிடக்கும் கல்லைப் பொறுக்காமல், கல்லை விட்டுவிட்டு ஒவ்வோர் அரிசியாகப் பொறுக்குவது போன்ற வேலை. நீரை ஆவியாக்க வேண்டிய இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். அது ஆயிரம் லிட்டருக்கு 650 யூனிட்.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்று ஒருவர் சொல்லலாம், சொல்வது நியாயம். எனவே இரண்டையும் வெயிலிலிருந்தே தொடங்குவோம். ஒரு சதுர மீட்டர் சூரிய மின்தகடு, ஐந்தரை யூனிட் வெயிலில் 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. வழியிழப்புகள் போக நாளுக்கு 0.85 யூனிட் மிஞ்சும் என்று கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு 4 யூனிட் எடுக்கும் நல்ல ஆர்.ஓ. கருவியில் அது 200 லிட்டருக்கு மேல் நன்னீர் தரும். ஆற்றலை மீட்டெடுக்கும் வசதியற்ற சிறு கருவியாக இருந்து 10 யூனிட் தின்றாலும் 80 லிட்டருக்குக் குறையாது. வாலை தருவது மூன்று லிட்டர். இந்த இடைவெளியை எந்தக் கறுப்புச் சாயத்தாலும் மூட முடியாது. ஊர் முழுவதற்கும் குளிக்க, துவைக்க, சமைக்க நீர் தர வேண்டும் என்றால் சூரிய வாலையை முன்மொழிபவர் நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை என்றே நினைப்பேன். இருநூறு பேருக்கு ஆளுக்கு 50 லிட்டர் என்றால் 3,300 சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும். நடைபாதையும் இடைவெளியும் தனி.

அப்படியானால் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? ஆர்.ஓ. கருவி வேலை செய்யும்போதுதான் அந்த 200 லிட்டர். நன்னீர் சவ்வைத் தாண்டி வராமல் பிடித்து வைக்கும் கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் மட்டுமே 27 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல 27 மடங்கு அளவு இருக்கும். அதை மீறித் தள்ள 55 முதல் 70 பார் அழுத்தத்தில் ஓடும் பம்பு தேவை. உப்புக் காற்றில் அந்தப் பம்பைப் பேணத் தெரிந்த கை வேண்டும், முன்வடிகட்டிகளை மாற்ற வேண்டும், சவ்வு அடைபடாமல் காக்க வேதிப்பொருள் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சவ்வையே மாற்ற வேண்டும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் கருவி நின்றுவிடும். அரை வேகத்தில் ஓடும் பழக்கம் அதற்கு இல்லை. வாலையோ, கண்ணாடி ஒன்று உடைந்தால் அந்தத் தொட்டியை மட்டும் இழந்து மற்றவற்றில் சொட்டிக்கொண்டே இருக்கும். படகுத்துறையிலிருந்து தொலைவில் உள்ள தீவு, கலங்கரை விளக்கம், உப்பளத்தின் ஓரம், மீன்பிடிக்கும் பருவத்தில் மட்டும் தங்கும் குடியிருப்பு போன்ற இடங்களில் இந்தக் குணத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மரியா டெல்கெஸ் என்ற அறிவியலாளர் உயிர்காப்புப் படகுகளுக்கென்று ஊதி மிதக்கவிடும் பிளாஸ்டிக் வாலையை வடிவமைத்தார். நாளுக்கு ஒரு லிட்டர் அளவு நீர். அங்கே லிட்டருக்கு என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை.

வாலைக்கு இன்னொரு பலமும் உண்டு. நீரில் எவ்வளவு உப்பு இருந்தாலும் அது கேட்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். லாஸ் சலினாஸில் தொட்டிக்குள் போன நீர் கடல்நீரைப் போல நான்கு மடங்கு உப்பு. அந்த நீரின் சவ்வூடு அழுத்தத்தை எதிர்த்து வழக்கமான ஆர்.ஓ. சவ்வு நிற்க முடியாது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிணற்று நீர் சற்றே உவர்ப்பு, அவ்வளவுதான் என்றால் ஆர்.ஓ.வுக்கு ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட் போதுமானதாக இருக்கும். வாலை அப்போதும் அதே 650 யூனிட்டைக் கேட்கும். உப்பு ஏற ஏற வாலைக்கு நியாயம் கூடும். உப்பு குறையக் குறைய நியாயம் குறையும்.

செலவுக் கணக்கு இனி. எரிபொருள் இல்லாத கருவியின் விலை முழுவதும் முதல் நாளிலேயே செலவாகிவிடுகிறது. அதன்பின் அது எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதே லிட்டரின் விலை. ஒரு சதுர மீட்டர் வாலை கட்ட ஆகும் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். முதலுக்கு வட்டி 8 சதவீதம். துடைப்பது, அடைப்பது, கண்ணாடி மாற்றுவது எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 5. விளைச்சல் நாளுக்கு மூன்று லிட்டர், ஆண்டில் 300 நல்ல நாள், ஆக 900 லிட்டர். வாலை பத்தாண்டு நின்றால் ஆண்டுத் தவணை 15, பராமரிப்போடு 20. ஆயிரம் லிட்டருக்கு 22. இருபது ஆண்டு நின்றால் 17. ஐந்தாண்டிலேயே இற்றுப்போனால் 33.

இப்போது இரண்டு ஆசைகளைச் சோதித்துப் பார்க்கலாம். மலிவாகக் கட்டும் ஆசை முதலாவது. கண்ணாடிக்குப் பதில் பாலித்தீன் விரித்து, செலவை 40 ஆகக் குறைக்கிறோம். புற ஊதாக் கதிரும் காற்றும் அதை இரண்டு ஆண்டில் கிழித்துவிடும். மேலும் பிளாஸ்டிக்கில் ஆவி படலமாக வழியாமல் முத்து முத்தாகத் திரளும். அந்த முத்துக்கள் வெயிலைச் சிதறடிக்கும், கனத்ததும் தொட்டிக்குள்ளேயே விழும். விளைச்சலை நாளுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு 46 ஆகிறது. மலிவான வாலையின் நீர் இரண்டு மடங்கு விலை.

திறனை உயர்த்தும் ஆசை இரண்டாவது. பிரதிபலிப்பான், தனிக் குளிர்விப்பான், வெப்பத்தைச் சேமிக்கும் மெழுகு என்று சேர்த்து விளைச்சலை 30 சதவீதம் கூட்டுகிறோம். செலவு 150 ஆகிறது, பராமரிப்பும் அதே விகிதத்தில் ஏறுகிறது. ஆண்டுக்கு 1,170 லிட்டர். கணக்குப் போட்டால் ஆயிரம் லிட்டருக்கு 26. கூடுதல் திறன், கூடுதல் விலை. ஆய்வுக் கட்டுரைகளில் திறன் சதவீதத்தைப் பார்த்து மகிழ்பவர்கள் இந்த ஒரு வகுத்தலையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். சேர்த்த ஒவ்வோர் உறுப்பும் தன் செலவின் பங்கைவிடக் கூடுதலான பங்கு நீரைத் தர வேண்டும். தராவிட்டால் அது வெறும் அலங்காரம். அடிக்குக் காப்பு போடுவது, கண்ணாடியைத் துடைப்பது, இடுக்கை அடைப்பது ஆகிய மூன்றும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும்.

கடற்கரைக்கே உரிய எதிரிகள் இந்த ஆயுட்கணக்கைத்தான் தாக்குகின்றன. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு உள்நாட்டில் நெடுநாள் தாங்கும். உள்ளே சூடான உப்புநீர், வெளியே உப்புச்சாரல் என்று இருபுறமும் தாக்கினால் தையல் விளிம்பிலிருந்து துரு கிளம்பிவிடும். காங்கிரீட் தொட்டி நிற்கும், ஆனால் பகலும் இரவுமாகச் சூடேறிக் குளிர்ந்து மயிரிழை விரிசல் விடும். விரிசலுக்குள் போன உப்புநீர் உள்ளே இருக்கும் கம்பியைத் தின்னும். கண்ணாடியின்மேல் உப்பும் தூசியும் சேர்ந்து படியும் பாலாடை போன்ற படலம், துடைக்காவிட்டால் நாளுக்கு நாள் வெயிலைக் குறைக்கும். கடற்காற்று கண்ணாடியைக் குளிர்விப்பது நல்லது. ஆனால் அதே காற்றுதான் சிறு இடுக்கு கிடைத்தாலும் ஆவியை வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. இந்த ஆவிக் கசிவு வெளியே தெரியாது. தொட்டியில் நீர் குறையும், வாய்க்காலில் மட்டும் கூடாது. கண்ணாடி விளிம்பில் வைத்த பசை வெயிலில் காய்ந்து இறுகி விலகும் இடம்தான் முதல் சந்தேகத்துக்குரியது. நல்ல சிலிக்கோன் பசைக்குச் செலவிடத் தயங்கக் கூடாது.

உள்ளுறை வெப்பம் என்ற தடையை உடைக்க வழியே இல்லையா? உண்டு. கண்ணாடியில் ஆவி நீராகும்போது, அது கொண்டுவந்த வெப்பம் முழுவதையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. எளிய வாலை அதைக் காற்றுக்குத் தானம் செய்கிறது. அந்த வெப்பத்தைப் பிடித்து அடுத்த அடுக்கு நீரை ஆவியாக்கினால், அதே வெயில் இரண்டாவது முறை வேலை செய்யும். பிறகு மூன்றாவது முறை. கடலோரத்தின் பெரிய வெப்ப ஆலைகள் நெடுங்காலமாகச் செய்வது இதைத்தான். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சீனாவின் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட பத்து அடுக்குக் கருவி, சதுர மீட்டருக்கு மணிக்கு 5.78 லிட்டர் தந்தது. திறன் 385 சதவீதம் என்று அறிவித்தார்கள். நூறைத் தாண்டிய சதவீதத்தைக் கண்டு மருள வேண்டாம். வெயில் நான்கு மடங்காகவில்லை. ஒரே வெப்பம் கைமாறிக் கைமாறி நான்கு தரம் கணக்கில் வந்திருக்கிறது.

இது உண்மையான முன்னேற்றம். வாலையின் எதிர்காலம் இந்தத் திசையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் அடுக்குகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். உப்புநீரைச் சுமப்பது மெல்லிய திரி. அந்தத் திரியில் உப்பு பூத்தால் கருவி முடங்கும். மணிக்கணக்கில் தரும் எண்ணைவிட மழைக்காலம், புழுதிக்காலம் எல்லாம் பார்த்த எண்தான் கடற்கரையில் செல்லும். உப்பு தானாகவே கரைந்து திரும்பும்படி நீரைச் சுழலவிடும் வடிவத்தை அதே இரு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2023-இல் முன்வைத்தது இந்தக் குறையை நேராகப் பார்த்ததன் விளைவு.

நீர்ப்பரப்பில் மிதக்கும் கறுப்புப் பொருளின்மேல் மட்டும் வெப்பத்தைக் குவித்து ஆவியாக்கும் முறையும் இப்போது நிறையப் பேசப்படுகிறது. 90 சதவீதத் திறன் என்ற செய்தி வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது ஆவியான நீரா, பாத்திரத்தில் சேர்ந்த நீரா? ஆவியாக்கும் வேலையைக் கண்ணாடி மூடாமல் அளந்திருப்பார்கள். மூடி போட்டால் ஆவி அதன் உட்புறத்தில் படிந்து வெயிலை மறைக்கும், உள்ளே காற்று ஈரமாகும், எண் இறங்கும். ஆவியைக் குடிக்க முடியாது.

உப்பு எங்கே போகிறது என்பதைக் கட்டும்போதே யோசிக்க வேண்டும். ஆண்டுக்கு 900 லிட்டர் நன்னீர் எடுத்தால் சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் உப்பு பின்தங்கும். அதைத் தொட்டியில் குவியவிடாமல், எடுத்த நீரைவிடக் கூடுதலாகக் கடல்நீர் விட்டுப் பழைய நீரை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்ய நேரம் அதிகாலை. அப்போதுதான் தொட்டி குளிர்ந்திருக்கும்; மாலையில் திறந்தால் சூடான நீரோடு இரவு விளைச்சலும் கால்வாயில் போய்விடும். தினமும் காலையில் ஒருவர் வந்து திறந்து, கழுவி, நிரப்பிப் போக வேண்டும். கைவிடப்பட்ட வாலைகளில் பெரும்பாலும் குறையாக இருந்தது இந்த ஒருவர்தான் என்பது என் எண்ணம். திட்டச் செலவில் கண்ணாடிக்கும் சிமெண்டுக்கும் இடம் இருக்கும், அவருடைய கூலிக்கு இருக்காது.

கிடைக்கும் நீர் சுத்தமானது. உப்போடு ஃபுளூரைடு, நைட்ரேட், ஆர்செனிக் எல்லாம் பின்தங்கிவிடும். பெட்ரோலிய ஆவி போல எளிதில் ஆவியாகும் மாசு மட்டும் கூடவே வரலாம். படகுகள் எண்ணெய் சிந்தும் துறைமுகத்து நீரை எடுக்கக் கூடாது. வடித்த நீரில் உப்பே இல்லாததால் சுவை சப்பென்று இருக்கும். இதையே ஆதாயமாக மாற்றலாம். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் கரைபொருள் உள்ள உவர்க் கிணற்று நீர் அருகில் இருந்து, அதில் கிருமியும் நச்சும் இல்லை என்று சோதித்து அறிந்திருந்தால், மூன்று பங்கு வடிநீரில் ஒரு பங்கைச் சேர்க்கலாம். கலவை 500 மில்லிகிராமில் நிற்கும். 600-க்குக் கீழ் நல்ல சுவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். செலவே இல்லாமல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. மேலே சொன்ன 30 சதவீதத்துக்கு எவ்வளவு பாடுபட்டோம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஏழு சதுர மீட்டர் வாலை நல்ல நாளில் போதும். ஆனால் மேகம் மூடிய மாதத்தில் விளைச்சல் பாதியாகும். அந்த மாதத்துக்காகப் பரப்பை இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும். ஆண்டின் மற்ற நாட்களில் பாதிக் கண்ணாடி தேவைக்கு மேல் உழைத்துக்கொண்டிருக்கும். மேகம் மூடிய மாதம் பல கடற்கரைகளில் மழை மாதமும்கூட. சாய்ந்து நிற்கும் ஏழு சதுர மீட்டர் கண்ணாடி, மழையைப் பொறுத்தவரை சுத்தமான ஒரு கூரை. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு சேர்ந்தால் 5,600 லிட்டர். அதே கண்ணாடி ஆண்டு முழுக்க வெயிலில் வடிப்பது 6,300 லிட்டர். மழை 200 மில்லிமீட்டர்தான் என்றாலும் ஆயிரம் லிட்டருக்கு மேல் வரும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு கண்ணாடியின் வெளிவிளிம்பில் ஒரு தகர வாய்க்காலும் பெரிய தொட்டியும். உள்வாய்க்காலின் குழாயும் வெளிவாய்க்காலின் குழாயும் தனித்தனியாக இறங்க வேண்டும். மழைக்குழாயில் ஒரு திருப்பு வால்வு வைத்து, முதலில் வரும் பதினைந்து லிட்டரைத் தரையில் விட்டுவிட வேண்டும். கண்ணாடியில் படிந்திருந்த உப்பும் பறவை எச்சமும் அதோடு போய்விடும்.